விதைநெல் வாங்கிய பதினேழு பேர்

அத்தியாயம் 14

ஈரத் தாளைப் பிரித்து எல்சி மறுபடியும் எண்ணினாள். நூறு நெல்லில் நாற்பத்தொன்றுதான் முளைத்திருந்தது. நேற்று மாலையும் அதே எண்ணிக்கைதான். விடிந்தால் இன்னும் நாலைந்து கண் திறந்திருக்காதா என்ற நப்பாசையில்தான் ஆறு மணிக்கே கடையின் பின்னறைக்கு வந்திருந்தாள். மீதி ஐம்பத்தொன்பதும் தண்ணீர் குடித்து உப்பிக் கிடந்தன, உயிர் இல்லை.

நூற்றுக்கு எண்பதாவது முளைத்தால்தான் விதை என்று பெயர். மூட்டை வாயில் தைத்திருந்த பச்சை அட்டையிலும் எண்பது என்றுதான் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே எல்சியின் கையெழுத்து இருந்தது.

நன்னிலம் கடைத்தெருவில் சிங்கராயர் விதை நிலையத்தைத் தெரியாத விவசாயி கிடையாது. மாமனார் சிங்கராயர் காலமான பிறகு மூத்த மகன் ஜெரால்ட் அதை எடுத்து நடத்தினார். விவசாயம் படித்தவள் என்பதால் உரிமம் மட்டும் மனைவி எல்சியின் பெயரில் இருந்தது. வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து அனுப்புவது ஜெரால்ட். முளைப்புச் சோதனை, அட்டைகளில் கையெழுத்து எல்லாம் எல்சி. பின்னறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அந்தக் கையெழுத்துதான் இப்போது அவளைக் குத்தியது. ஒவ்வொரு வருஷமும் ஆடி மாதத்தில் ஜெரால்ட் இருநூறு அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார். வானொலியைக் கேட்டபடி அவள் போட்டுக் கொடுத்துவிடுவாள். எந்த அட்டை எந்த மூட்டைக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கட்டிய புருஷனிடம் அதையெல்லாமா கேட்பார்கள்? விற்றது போக மிஞ்சிக் கிடந்த ஒரு மூட்டையைப் போன வாரம் நகர்த்தி வைக்கும்போதுதான், அட்டை புதிது, சாக்கு பழையது என்பது கண்ணில் பட்டது. உடனே நூறு நெல்லை எடுத்து ஈரத் தாளில் சுருட்டி வைத்தாள்.

ஏழு மணிக்கு ஜெரால்ட் வந்து ஷட்டரைத் தூக்கினார். எல்சி அந்தத் தாளை அவர் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

அவர் மழுப்பவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்த வருஷம் விதைக்கென்று விட்டிருந்த வயல் அறுப்பு நேரத்து மழையில் மாட்டிக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே, சம்பா விதை தருவதாகப் பலருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கிடங்கில் போன வருஷத்து மூட்டைகள் மிச்சம் இருந்தன. தை மாத மழையில் சுவரோரம் நனைந்தவை. களத்தில் கொட்டிக் காயவைத்து, புது அட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்லைன்னு சொல்லி ஒருத்தரையும் நான் திருப்பி அனுப்பினதில்ல எல்சி. அப்பா காலத்துலேர்ந்தே அது கிடையாது."

"அதுக்காக முளைக்காததைக் குடுக்கறதா?"

"பாதி முளைக்குதுல்ல. புழுதி விதைப்புல எந்த வருஷம் முழுசா முளைச்சிருக்கு? காக்கா குருவி தின்னுது, மழை பிந்துது. அந்தக் கணக்குல இதுவும் போயிடும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் எல்சிக்குப் பயமாக இருந்தது. கடைமடை ஊர்களில் ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர்கள் குறைவு. காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது, நெல்லை ஊறவைக்காமல் அப்படியே தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். விதை மோசம் என்பது மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, வயல் சொட்டை சொட்டையாகத் தெரியும்போதுதான் தெரியும். அதற்குள் சம்பா விதைக்கிற பட்டம், அதாவது பருவம், தப்பிவிடும். பழி மழைமேல் விழும். கடைக்காரரை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள்.

இரண்டு நாளில் மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு ஊர் முழுக்க டிராக்டர் ஓடும்.

விதை வாங்கியவர்களின் பெயர்களை எல்சி ஒரு தாளில் எழுதினாள். பதினேழு பேர். ஜெரால்ட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது, உன் லுத்தரன் வீட்டுப் பிடிவாதத்தை இன்றைக்குக் காட்டாதே என்று மட்டும் சொன்னார். தரங்கம்பாடியிலிருந்து கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் எல்சி. நல்லதோ கெட்டதோ, அவள் எதைச் செய்தாலும் இந்த வீட்டில் அந்தப் பெயர்தான்.

முதல் இரண்டு பேரும் அவள் போனை எடுத்துக் கேட்டுவிட்டு, சரி பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். குரலில் நம்பிக்கை இல்லை. நேரில் போனால்தான் ஆகும் என்று முடிகொண்டான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இராஜாங்கத்தின் வயலுக்கு வண்டியை விட்டாள். ஏழு ஏக்கர்காரர். பதினேழு பேரில் அவர்தான் அதிகம் வாங்கியவர். வயல் ஓரத்தில் டிராக்டர் நின்றிருந்தது. பச்சை அட்டை தொங்கும் மூட்டைகள் வரப்பில் வரிசையாக இருந்தன. இன்னும் பிரிக்கவில்லை.

இராஜாங்கம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆளைவிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"வெயில்ல இம்மாந்தூரம் வந்திருக்க வேணாம்மா. நீங்க வீட்டுக்குப் போயி படுங்க. ஜெரால்ட் தம்பி இப்பதான் போன் பண்ணிச்சு."

"என்ன சொன்னாரு?"

அவர் தயங்கினார். "வீட்டுல ரெண்டு மூணு மாசமா மனசு சரியில்லையாம். ஏதாவது சொன்னா பெருசா எடுத்துக்காதீங்கன்னு."

எல்சிக்கு முதலில் அது புரியவே இல்லை. யாருக்கு மனசு சரியில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தபோது கையிலிருந்த இளநீர் கனத்தது. அதை வரப்பில் வைத்துவிட்டு, சாலையோரத்துப் புங்கமரத்தடிக்கு வந்து நின்றாள். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த மனிதர் ஜெரால்ட். அதே மனிதர், அவள் போகிற வழியிலெல்லாம் அவளுக்கு முன்னால் போய், அவள் வார்த்தையைச் செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறார். எத்தனை பேரிடம் சொன்னாரோ. இனி கடைத்தெருவில் அவளைப் பார்க்கிற ஒவ்வொரு முகமும் இராஜாங்கத்தைப்போல இரக்கப்படும்.

போன் அடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரோஸ்லின்.

"அம்மா, அப்பா போன்ல அழுதாரு. அவர் அழுது நான் கேட்டதே இல்ல."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு கண்ணு."

"அப்புறம் ஏம்மா ஊர் ஊரா அலையுற? ஒரு வாரம் கழிச்சு ஏதாவது காரணம் சொல்லி மூட்டையைத் திரும்ப வாங்கிக்கக் கூடாதா? அப்பா பேரு கெடாம."

இன்றைக்குத்தான் விதைக்கிறார்கள், மண்ணில் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது என்று எல்சி சொன்னாள். மறுமுனையிலிருந்து அப்பா பாவம் என்று ஒரு வார்த்தை வந்தது. அம்மாவைப் பற்றி ஏதாவது வரும் என்று எல்சி காத்திருந்தாள். மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி ரோஸ்லின் வைத்துவிட்டாள்.

டிராக்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

எல்சி வண்டியின் பெட்டியைத் திறந்து கடையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தாள். இருக்கைமேல் வைத்து, நிதானமாக எழுதினாள்.

'சிங்கராயர் விதை நிலையத்தில் இந்த ஆவணியில் விற்ற சம்பா விதைநெல்லை யாரும் விதைக்க வேண்டாம். நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் முளைக்கிறது. அட்டையில் இருப்பது பொய். அதில் உள்ள கையெழுத்து என்னுடையது. இதற்கு நானே பொறுப்பு.'

கீழே உரிம எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தாள் அதிகாரி கைக்குப் போனால் உரிமம் போகும், வழக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். சட்டம் படிக்காதவர்களுக்குக்கூட அது தெரியும். அதனால்தான் எழுதினாள். மனசு சரியில்லாதவள் சொன்னாள் என்று வாய்ப்பேச்சைத் தள்ளலாம். தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கையெழுத்திட்டு நீட்டினால் எப்படித் தள்ளுவது?

இராஜாங்கம் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். இரக்கம் போய்விட்டிருந்தது. கையைத் தூக்கி டிராக்டரை நிறுத்தச் சொன்னார்.

"இதை எழுதிக் குடுத்தா உங்க கடை என்னம்மா ஆவும்?"

"அது நாளைக்கு. இன்னைக்கு நீங்க விதைக்காதீங்க."

ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றாள். அவர் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். கால் மணி நேரத்தில் அவள் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. திட்டினார்கள், கேட்டுக்கொண்டாள். ஆஸிம் என்ற இளைஞன் மட்டும், பாதி மூட்டையைத் தெளித்துவிட்டேன், மீதியை நிறுத்திவிட்டேன் என்று விவரமாகச் சொல்லிவிட்டு வைத்தான். பெயர் சொல்லிப் பேசிய ஒவ்வொருவரையும் தாளில் அடித்துக்கொண்டே வந்தாள். மதியம் ஒரு மணிக்குப் பதினாறு பெயர் தீர்ந்தது.

மிஞ்சியது எல்லையம்மாள். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதையும் எடுக்கவில்லை.

எல்லையம்மாள் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகச் சாகுபடி செய்கிறவர். எல்சி போனபோது அவர் வரப்பில் நின்று தகர டப்பாவைத் தட்டி மயில்களை விரட்டிக்கொண்டிருந்தார். வயல் முழுக்கத் தெளித்து, விதையை மூட மேல் உழவும் ஓட்டியாகிவிட்டது. விடியற்காலையிலேயே முடித்துவிட்டாராம். அதற்கப்புறம் டிராக்டர் கிடைக்காது என்று பயம்.

எல்சி விஷயத்தைச் சொன்னாள். எல்லையம்மாள் டப்பா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இது எப்பம்மா தெரிஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனேம்மா."

நேற்று மாலையே நாற்பத்தொன்று என்று எண்ணியாகிவிட்டது. விடியட்டும், இன்னொரு தடவை பார்ப்போம், ஜெரால்டிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தள்ளிப்போட்டது அவள்தான். ஜெரால்ட் செய்ததற்கு அவள் ஊர் ஊராக மன்னிப்புக் கேட்கலாம். இந்த மூன்று மாவின் பிழை அவளுடையது. அவளே செய்தது. எல்லையம்மாளிடம் அதை அப்படியே ஒப்புக்கொண்டாள். மறுபடி உழுது, நல்ல விதை கொண்டுவந்து, மழைக்குள் தெளித்துத் தருவது என் பொறுப்பு என்றாள்.

மயில் இரண்டு மறுபடி இறங்கின. எல்லையம்மாள் பழக்கத்தில் டப்பாவைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். போட்ட விதையில் பாதி செத்தது என்று தெரிந்த பிறகும் அதைக் காவல் காக்கிற அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எல்சி கொஞ்ச நேரம் நின்றாள்.

நல்ல விதைக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்து இந்த நேரத்தில் சம்பா விதை கையிருப்பு வைத்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். மன்னார்குடி தியாகேசன். எட்டு வருஷத்துக்கு முன்பு வியாபாரிகள் கூட்டத்தில் ஜெரால்டுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை வந்து, அன்றோடு முகம் பார்ப்பது நின்றது. எல்சி சாலையோரம் வண்டியை நிறுத்தி அவருக்குப் போன் செய்தாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, இரண்டு டன் வேண்டும் என்றாள்.

தாளின் படம் தியாகேசனுக்கும் வந்துவிட்டதாம். ஜெரால்டுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும், பிடிக்கவில்லை என்றாள்.

"காலையில எட்டு மணிக்கு லாரி வரும். நீங்களே முளைப்பு பார்த்து எடுத்துக்குங்க. நான் சொல்றேன்னு நம்பி எறக்காதீங்க."

வேறெதுவும் பேசாமல் வைத்துவிட்டார். அன்று முழுவதும் அவளிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. அழுகை வந்தது. சாலையில் ஆள் நடமாட்டம் இருந்ததால் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

வீடு திரும்பும்போது மணி ஐந்தரை. ஜெரால்ட் கட்டிலில் பையை வைத்துச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் இருக்கும் அக்கா மரியபுஷ்பம் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எத்தனை நாள் என்று எல்சி கேட்கவில்லை.

"அந்தத் தாள்ல என் பேரை ஏன் எழுதல?"

"கையெழுத்து என்னுது."

"ஊர் ஜனம் என்னைப் பார்த்துத்தான் இந்தக் கடைக்கு வந்துச்சு. உன்னைப் பார்த்து இல்ல. ஒரே நாள்ல நான் யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாம ஆக்கிட்ட."

"எனக்கு மனசு சரியில்லன்னு சொன்னீங்க."

ஜெரால்ட் மடித்த சட்டையைத் திரும்பவும் உதறி மடித்தார். அவர் காது சிவந்திருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். தெருமுனை வரை அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. எல்சி காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டு மோர் ஊற்றிப் பிசைந்தாள். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. அதற்குள் விதை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைக்கு வருகிறார்களாம். உரிமதாரர் இருக்க வேண்டுமாம். இருப்பேன் என்றாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. பதினாறு பேர் விதைப்பை நிறுத்திவிட்டார்கள், பதினேழாவது வயலுக்கு நாளை விதை வருகிறது என்பதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. ஜெரால்டின் தம்பி கிளாட்சன். கடையின் லோடு ஆட்டோவை ஓட்டுகிறவன். உள்ளே வா என்று கூப்பிட்டும் படி ஏறவில்லை. கதவின் நிலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, பதினேழு பேரு இல்ல."

எல்சி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆடி கடைசியில பேராவூரணி பக்கம் ஒம்பது மூட்டை கொண்டுபோய் எறக்கினேன். பில்லு போடல. ரோட்டோரத்துல ஒரு கடை வாசல்ல எறக்கச் சொன்னாரு அண்ணன். அங்கேருந்து யாரு யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்."

நன்னிலத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் பேராவூரணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அங்கே யாரோ ஒருவர் இந்நேரம் பச்சை அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். எல்சி ஜெரால்டுக்குப் போன் செய்தாள். ஒரு முறை மணி அடித்தது, துண்டித்தார். மறுபடி செய்தபோது போன் அணைந்திருந்தது.

இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கிளாட்சனிடம் அவள் கேட்கவில்லை. நேற்று மாலை அவளும் சொல்லாமல் இருந்தவள்தான். கும்பகோணம் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். ஆறேகால் என்றான். கடிகாரத்தில் ஆறு பத்து. கையைக்கூடக் கழுவாமல் அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பாதிக்குமேல் கூட்டம் இல்லை. பின்னாலிருந்து மூன்றாவது இருக்கையில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஜெரால்ட் ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எல்சி ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. தோளை மட்டும் ஜன்னல் பக்கம் ஒடுக்கிக்கொண்டார்.

"பேராவூரணியில யாரு யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜெரால்டின் விரல்கள் பையின் வாரை இறுகப் பிடித்தன. பஸ் கிளம்பியது. பெருமாள் கோயில் திருப்பத்தைத் தாண்டியும் அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்து இவ்வளவு தூரத்தில் அவர்கள் இருந்ததில்லை.

கண்டக்டர் வந்து, எங்கம்மா போகணும் என்று கேட்டார்.

எல்சி பக்கத்திலிருந்தவரைக் காட்டினாள்.

"இவர் எங்க எறங்குறாரோ அங்க ஒண்ணு குடுங்க."